ஒரு மணி பதினோரு நிமிடம் இருபதாவது விநாடி

செக்கிங் அக்காவின் கண்ணுக்குத் தப்பிய நூல்பிசிறு இன்னும் பிறக்கவில்லை என்று தையல் ஆலையில் ஒரு பேச்சு உண்டு. பத்தொன்பது வருடமாக வெள்ளை விளக்குக்கு அடியில் நின்று சட்டைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஒரு கை நெட்டை ஒரு கை குட்டை, எதுவானாலும் அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை வந்த வழியே திரும்பிப் போகும். தையல்காரர் அந்த இடத்தைப் பிரித்துச் சரிசெய்வார். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அம்பு என்றால் குறை. அவ்வளவுதான்.

தான் பார்க்காததை அவள் பாஸ் செய்ததில்லை. ஒருநாள் சூப்பர்வைசர், "அக்கா, லாரி நிக்குது, கண்ண மூடிக்கிட்டு அனுப்பு" என்றபோது, "கண்ண மூடுறதுக்கு நான் எதுக்கு? கதவுக்குச் சம்பளம் குடுங்க" என்றவள் அவள்.

அவள் புருஷன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். இரண்டு கண்ணிலும் புரை. வருகிறவர்களை நடையை வைத்தும் செருப்புச் சத்தத்தை வைத்தும் கண்டுபிடித்து சல்யூட் அடிக்கிறார். இந்த ரகசியம் அவர்கள் இரண்டு பேரைத் தாண்டிப் போனதில்லை. கண் தெரியாத வாட்ச்மேனை எவன் வைத்துக்கொள்வான்? ஆபரேஷனுக்கு லீவு கேட்டால் எதற்கு ஆபரேஷன் என்பான்.

ஒரே மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். செல்போன் கடையில் வேலை பார்த்தாள். யாரோ விளையாடித் தேய்ந்த ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்து, வேலை விட்டு வந்ததும் டிவியில் கார் ஓட்டுவாள். இருபத்திரண்டு வயது. நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் இல்லை.

எட்டு மாதம் ஆகிறது. அவள் போன் அவள் கட்டைவிரலுக்கு மட்டும்தான் திறக்கும். போன் இருக்கிறது, விரல்தான் இல்லை. மிச்சம் இருப்பது விண்ணப்பத்தில் ஒட்ட எடுத்த ஒரு படம். "சிரிக்காதீங்க" என்று ஸ்டூடியோக்காரர் அதட்டியதில் உதட்டை இறுக்கிக்கொண்டு, எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முழிக்கிறாள். வாலு அப்படி ஒருநாளும் முழித்ததில்லை. திருடினாலும் சிரித்திருப்பாள்.

ஆனால் ஒரு படம் இருந்தது. சினிமாப் படம்.

கடையில் கூட வேலை செய்த சிநேகிதியோடு ஒருநாள் படப்பிடிப்பில் கூட்டத்தில் நிற்கப் போயிருந்தாள். ரயில் நிலையக் காட்சி. கதாநாயகன் வண்டியேற, முந்நூறு பேர் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது என்று மைக்கில் பத்து தடவை சொன்னார்களாம். "நான் மட்டும் பாத்துட்டேம்மா. பாத்து சிரிச்சும் தொலைச்சிட்டேன். கண்டிப்பா வெட்டிருப்பாங்க" என்று வந்து சொன்னாள்.

வெட்டவில்லை. அவள் போன பிறகு அந்தப் படம் இணையத்தில் வந்தது. பழைய டிவிக்கு இணையம் தெரியாது. கேம் பெட்டியை விலைக்குக் கேட்டு வந்த ரிப்பேர்க்காரர், ஓடுகிறதா என்று மாட்டிப் பார்த்தவர்தான் சொன்னார்: "இதுலயே படம் வரும்மா. எச்.டி.ல வரும். தியேட்டர் தோத்துரும்." படம் காட்டும் கம்பெனியில் சந்தாவும் சேர்த்துவிட்டு, பெட்டியைக் கேட்காமலே போய்விட்டார்.

செக்கிங் அக்கா படத்தை முதல் விநாடியிலிருந்து துணி பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு மணி பதினோரு நிமிடம் இருபதாவது விநாடியில் கை தானாக ஜாய்ஸ்டிக்கை அமுக்கியது. நாயகனின் தோளுக்குப் பின்னால், மஞ்சள் துப்பட்டாவில் ஒரு பெண் திரும்பி நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். இடது கண்ணுக்குக் கீழே மச்சம். வலப்பக்கம் ஏறிக்கிடக்கும் பல். நாலு விநாடி. எச்.டி.யில் பல்லின் ஏற்றம்கூடத் தெரிந்தது.

அன்றே பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து டிவி கண்ணாடியில் அந்த முகம் வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். வேலை செய்த கை. இடத்தைக் காட்ட அதற்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் டீயோடு உட்காருவார்கள். அவள் நேராக அந்த விநாடிக்குப் போய் நிறுத்துவாள்.

"சிரிக்கிறாளா?" என்பார் வாட்ச்மேன். அவருக்குத் தெரிவது மஞ்சளாக ஒரு புகை.

"சிரிக்கிறா."

"பல்லு?"

"தெரியுது."

"ம்" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துகொள்வார். அந்தப் படத்தில் நாயகனுக்குக் கல்யாணம் ஆனதா, ரயில் போய்ச் சேர்ந்ததா, இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை படத்துக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. திரையிலேயே வந்தது. 'அன்பான பார்வையாளரே, தங்கள் கருவி விளையாட்டுக் கருவி என வகைப்படுத்தப்பட்டுள்ளது. விளையாட்டாகப் பார்ப்பவர்களுக்கு உயர்தெளிவு விரயமாவது ஆய்வில் தெரியவந்துள்ளது. இனி தங்களுக்குச் சாதாத் தெளிவு வழங்கப்படும். தாங்கள் விளையாட்டாகப் பார்ப்பவர் அல்ல எனில், எமது தெளிவு மையத்தை அணுகித் தகுதிச் சான்று பெறவும். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மூச்சு.'

அம்புக்குப் பக்கத்தில் மூக்கும் வாயும் இல்லாத ஒரு மஞ்சள் கறை நின்றது.

"சிரிக்கிறாளா?"

அவள் திரையிடம் போனாள். பின்னால் வந்தாள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள்.

"தெரியலைங்க."

"தெரியலன்னா? நேத்து சிரிச்சாளே?"

"நேத்து தெரிஞ்சுது, சொன்னேன். இன்னைக்குத் தெரியல. தெரியாதத எப்படிங்க சொல்றது?"

அவர் டீயைக் குடிக்கவில்லை.

தெளிவு மையம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு மூன்று ஆள் அகலத் திரையில் ஒரு அருவி ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துளியையும் தனித்தனியாக எண்ணலாம். பார்க்கத்தான் ஆள் இல்லை. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு டோக்கன் நம்பரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

வகைப்பாட்டு அலுவலர் முதலில் கண்ணைப் பரிசோதிக்க அனுப்பினார். தெளிவு வாங்கும் கண்ணுக்கு அதை வைத்துக்கொள்ளும் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். செக்கிங் அக்கா பலகையின் கடைசி வரியை வாசித்தாள். அதற்கும் கீழே பலகையை அச்சடித்த அச்சகத்தின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது. அதையும் வாசித்தாள்.

அடுத்தது வாட்ச்மேன். எங்கே போனாலும் இதே பலகைதான் என்று, வேலை போகாமல் இருக்க, அவள் சொல்லிக்கொடுத்து எட்டு வரியையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பலகையைத் துடைக்க எடுத்துப் போயிருந்தார்கள். அது திரும்பி வருவதற்குள் ஐந்து வரி சொல்லிவிட்டார். பரிசோதகர் நிமிர்ந்து பார்க்கவில்லை. டிக் அடித்துக்கொண்டே போனார்.

வகைப்பாட்டு அலுவலர் இரண்டு தாளையும் பார்த்து முகம் மலர்ந்தார். "பிரமாதமான கண்ணும்மா ரெண்டு பேருக்கும். இவ்வளவு நல்ல கண்ண வச்சுக்கிட்டு எதுக்கு உயர்தெளிவு? சாதாவே உங்களுக்குத் தாராளம்."

"அப்ப கண்ணு சரியில்லாதவங்களுக்குத்தான் குடுப்பீங்களா சார்?"

"கண்ணு சரியில்லாதவங்களுக்குக் குடுத்து என்ன பிரயோஜனம்? அவங்களுக்குத்தான் தெரியாதே."

"பின்ன யாருக்குத்தான் குடுப்பீங்க?"

"தகுதி உள்ளவங்களுக்கு" என்றார் அலுவலர். அவருக்குக் கோபம் வரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கோபம் வந்தாலாவது நாம் பதிலுக்குக் கத்தலாம். சிரித்துக்கொண்டே வயிற்றில் அடிக்கிறவர்களை என்ன செய்வது? "மேல்முறையீடு பண்ணுங்க. வீட்டுக்கு ஆள் வருவாங்க."

வந்தார். களஆய்வாளர். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, டேப்பை இழுத்து நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவே அளந்தார். பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"இது என்ன?"

"வீடியோ கேம்ங்க."

"நீங்களே ஒத்துக்கிட்டீங்க." எழுதிக்கொண்டார்.

"அதுல படம் பாக்குறோம் சார்."

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஜாய்ஸ்டிக். இத அமுக்கினாத்தான் படம் நிக்கும்."

"ரிமோட்ட அமுக்கினா அது பார்வை. ஜாய்ஸ்டிக்க அமுக்கினா அது விளையாட்டு. விதி நாலு."

"விளையாடத் தெரியாது சார் எங்களுக்கு."

"வாயால சொன்னாப் போதுமா? விளையாடிக் காட்டுங்க. தெரியலன்னு நிரூபணம் ஆகட்டும்."

வாட்ச்மேன் கையில் ஜாய்ஸ்டிக் போனது. காரைக் கிளப்பினார். கார் பின்னால் போய் நடுவர்கள் மேடையை இடித்து, ஒரு கம்பத்தைச் சாய்த்து, மெதுவாக, மரியாதையாக, கடலில் இறங்கியது. களஆய்வாளர் பரவசமாகிவிட்டார். "அருமை! திறன்: அறவே இல்லை. இந்த மாதிரி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல."

வாட்ச்மேனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. "வாலு இருந்திருந்தா இந்நேரம் தரையில உருண்டிருப்பா."

ஆய்வாளரின் பேனா நின்றது. "வாலு யாரு? படிவத்துல ரெண்டு பார்வையாளர்னுதானே இருக்கு?"

"ரெண்டு பேருதான் சார்" என்றாள் அவள். "இப்ப."

"எப்பலேர்ந்து?"

"எட்டு மாசமா."

"முப்பது நாளுக்குள்ள தெரிவிச்சிருக்கணும்மா." பையிலிருந்து ஒரு தாளை உருவினார். பார்வையாளர் குறைப்புப் படிவம். குறைவுக்கான காரணம் என்று மூன்று கட்டங்கள்: இடமாற்றம், திருமணம், ஆர்வமின்மை.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி. "இதுல இல்லையே சார்."

"இந்த மூணுல ஒண்ணுதான். ஆர்வமின்மைன்னு போடுங்க. எல்லாரும் அதத்தான் போடுவாங்க."

ஆர்வமின்மை! கடைசி நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ட்ரிப்ஸ் ஊசியோடு, "வீட்டுக்குப் போனதும் ஒரு ரேஸ்மா, ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டவளுக்கு ஆர்வமின்மை. செக்கிங் அக்கா இடமாற்றம் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது. கிழிந்த தாள் செல்லாது என்று ஆய்வாளர் இன்னொன்று கொடுத்தார். அதிலும் போட்டாள்.

பிறகு, கடைசி முடிவுக்காக, மையத்தின் தெளிவுத் தலைவரைப் பார்க்க நாள் கிடைத்தது. ஆலையில் அரைநாள் லீவு. வாட்ச்மேனுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை, அவள் மட்டும் போனாள். தலைவர் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அரைமணி நேரம் பேசினார்.

"அம்மா, தெளிவுங்கிறது உரிமை இல்ல, ஒரு பொறுப்பு. எல்லாருக்கும் எல்லாம் தெளிவாத் தெரிய ஆரம்பிச்சா நாளைக்கு எங்களையே உத்துப் பாப்பாங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு வித்தியாசமே தெரியாதும்மா. அவங்களுக்கு மங்கலைக் குடுத்தாலும் நன்றின்னு சொல்றாங்க. அந்த நன்றியிலதான் இந்தக் கட்டடமே நிக்குது. நானும் பதினாலு வருஷமா இருக்கேன். ஒரு படம்கூட முழுசாப் பாத்ததில்ல. பாத்தா இது நல்லாருக்கு, அது நல்லால்லன்னு பாரபட்சம் வந்துரும் பாருங்க. அதனால குறைகளை மட்டும் பாப்பேன். குறை எங்க இருந்தாலும் தூக்கிருவேன். அதான் என் கொள்கை."

"எனக்கும் அதான் சார் வேலை" என்றாள் அவள், சொல்ல வேறொன்றும் தோன்றாமல்.

தலைவருக்கு அது பிடித்துவிட்டது. "அப்ப நீங்க நம்ம ஆளு! எந்தப் படம், எந்த இடம், என்ன விஷயம், நூறு எழுத்துக்குள்ள எழுதிக் குடுங்க. ஒரு போட்டோ சேர்த்து வைங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் திரையைப் படமெடுத்து வைத்திருந்தாள். மங்கலான ரயில் நிலையம், மஞ்சள் கறை, பக்கத்தில் சிவப்பு அம்பு. அதைக் கவுண்டரில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கட்டத்துக்குள் அவள் எழுதினாள்: '1:11:20. ரயில் நிலையம். கூட்டத்தில் என் மகள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அம்பு பார்க்கவும்.'

கவுண்டர்க்காரர் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். "மகள், மாமான்னு உறவெல்லாம் எழுதக் கூடாதும்மா. சலுகை கேக்குற மாதிரி ஆயிரும். தள்ளிருவாங்க." அவரே 'என் மகள்' என்பதை அடித்து, அதற்கு மேல் 'ஒரு பெண்' என்று எழுதினார். நல்ல மனுஷன். உதவிதான் செய்தார்.

பதினோராம் நாள் தபால் வந்தது. அவளுக்கு வாரவிடுமுறை. வாட்ச்மேன் டூட்டியில் இருந்தார். வாசலிலேயே பிரித்தாள்.

'உயர்தெளிவு வழங்கப்பட்டது. வாழ்த்துகள்.' அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. அவசரத்தில் படிக்கவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைப் போட்டாள்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. நாயகனின் சட்டைக் காலரில் தையல் பல்லிளிப்பதைப் பார்த்தாள். இருபதாவது விநாடி. நிறுத்தினாள்.

அம்புக்குப் பக்கத்தில் ஒரு தூண் நின்றது.

ரயில் நிலையத் தூண். சாம்பல் பெயின்ட். பெயின்ட் உரிந்த இடம், அதில் யாரோ கீறிய கோடு, எல்லாம் அத்தனை சுத்தமாகத் தெரிந்தது. படத்தைப் பின்னால் ஓட்டினாள். முன்னால் ஓட்டினாள். முந்நூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் சொன்னபடி கேமராவைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். மூக்கு கண்ணாடியில் இடிக்க, பத்தொன்பது வருடக் கண்ணால் அந்தத் தூணை மேலிருந்து கீழே பார்த்தாள். இடது ஓரத்தில், கீழே, மஞ்சளாக நாலு புள்ளி. துப்பட்டாவின் நுனி. பிரித்துத் தைத்தவன் நூலைச் சரியாக வெட்டவில்லை.

அதற்கு அப்புறம்தான் மீதிப் பத்தியைப் படித்தாள். 'தாங்கள் அம்புக்குறியிட்டுச் சுட்டிக்காட்டிய குறை (துணை நடிகை கேமராவைப் பார்த்தல்) எமது தர மேம்பாட்டுப் பிரிவால் நீக்கப்பட்டது. தங்களைப் போன்ற விழிப்பான பார்வையாளர்களே எமது மூச்சு.'

புடவையை மாற்றாமல் கிளம்பினாள். டோக்கன் எடுக்கவில்லை. அருவியைத் தாண்டி நேராகத் தலைவர் அறைக்குள் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

"வாங்க வாங்க! உங்களுக்குத் தபால்ல அனுப்பலாம்னு இருந்தோம், நேர்லயே வந்துட்டீங்க." கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். விழிப்பான பார்வையாளர். ஆட்கள் கூடினார்கள். கவுண்டர்க்காரரும் வந்தார். கைதட்டினார்கள். அவள் கையில் அதைத் திணித்துப் படம் எடுத்தார்கள். எடுத்தவர், "கேமராவப் பாருங்கம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார்.

"சார்" என்றாள். "எனக்கு எச்.டி. வேண்டாம் சார். பழையபடி குடுத்துருங்க. மங்கலாவே இருக்கட்டும்."

தலைவர் சிரித்தார். "தெளிவக் கூட்டத்தாம்மா படிவம் இருக்கு. குறைக்க இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

"அந்தப் புள்ள இருந்த மாதிரி போட்டாப் போதும். கறை மாதிரி தெரிஞ்சாலும் சரி. நான் பாத்துக்குறேன்."

"எல்லாப் பிரதியிலயும் சரிபண்ணியாச்சும்மா. சாதாத் தெளிவுலயும்கூட. நாங்க ஒரு வேலையத் தொட்டா அரைகுறையா விடமாட்டோம்."

"அது என் மக சார்."

கைதட்டியவர்களின் கைகள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றன. கவுண்டர்க்காரர் தரையைப் பார்த்தார். தலைவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அதை இல்லையென்று சொல்லக் கூடாது.

"அடடா" என்றார். "அத நீங்க மொதல்லயே எழுதியிருக்கலாமேம்மா."

வீட்டுக்கு அவள் வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வாட்ச்மேன் டூட்டி முடிந்து, முகம் கழுவி, தலைசீவி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். பிரித்த தபாலை மடியில் வைத்திருந்தார். படிக்க முடியாவிட்டாலும் முத்திரையைத் தடவிப் பார்த்திருப்பார்.

"வந்துருச்சுல்ல?"

"ம்."

"பாத்தியா? நான் சொன்னேன்ல, கேக்குற மாதிரி கேட்டா குடுப்பாங்கன்னு. டீய நான் போட்டு வச்சிட்டேன். நீ போடு."

சான்றிதழைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். பெட்டியைப் போட்டாள். ரயில் நிலையம் வந்தது. இருபதாவது விநாடியில் நிறுத்தினாள். தூண் அசையாமல் நின்றது.

வாட்ச்மேன் முன்னால் குனிந்தார். புரை விழுந்த இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொண்டு அம்பு இருக்கும் பக்கமாகப் பார்த்தார்.

"சிரிக்கிறாளா?"

ஆலையில் அவளுக்கு ஒரு நம்பர் உண்டு. பாஸ் ஆன சட்டைக்குள் அந்த நம்பர் சீட்டை வைத்துத்தான் பெட்டியில் போடுவாள். அந்தச் சீட்டோடு போன எந்தச் சட்டையும் திரும்பி வந்ததில்லை.

"சிரிக்கிறா" என்றாள்.

"பல்லு?"

"தெரியுது."

"நம்மளத்தான் பாக்குறா?"

"நம்மளத்தாங்க."

அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை 'ம்' சொல்லவில்லை, எழுந்துகொள்ளவும் இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இந்தா" என்றார் மெதுவாக. "எச்.டி. எச்.டி.தான். எனக்கே இப்பக் கொஞ்சம் தெரியுது."